மூன்றாவது ஒலிப்பதிவு

முதலில் இருமல்தான் கேட்டது. ஒன்று, சின்ன இடைவெளி, பிறகு இரண்டு. நோய்க்காரரின் இருமல் இல்லை அது. நான் கதைக்கப் போகிறேன், மற்ற ஆட்கள் வாயை மூடுங்கோ என்று அறிவிக்கிற இருமல். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், பதினொரு பேர் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஷபீகாவின் போன். இருமல் போனுக்குள் இருந்து வந்தது. மேனுகா பதினான்கு வருடமாகக் காலையும் மாலையும் கேட்ட இருமல்.

பதிவைப் போட முன்னர் சாமினி மிஸ் வழக்கமான எச்சரிக்கையைச் சொல்லி முடித்திருந்தார். “பேரெல்லாம் எடுத்தாச்சு. ஆனா குரலை எடுக்க ஏலாது. கேக்கிற நேரம் ஆளைத் தெரிஞ்சா உடனே கையைத் தூக்கிட்டு வெளியில போயிடணும். யாரு, என்ன உறவு எண்டு நான் கேக்க மாட்டன். ஆனா தெரிஞ்சுகொண்டே உள்ள இருந்தா அது களவு. அப்படி இருந்தவங்களுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்.” உளவளத்துணைப் பட்டப்படிப்பின் கடைசி வருடம் அது. ஒவ்வொருவரும் நாற்பது மணித்தியாலம் ஆட்களை நேரில் சந்தித்து, அதைப் பதிவு செய்து, வியாழக்கிழமை வகுப்பில் போட்டுக்காட்டி, மற்றவர்கள் பிடிக்கிற பிழைகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சாமினி மிஸ்ஸின் எச்சரிக்கையை எல்லோரும் பாடமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் இதுவரை கை தூக்கியதில்லை.

மேனுகாவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. கொப்பியின் ஓரம் வரை வந்தது. அப்போது போனுக்குள் ஷபீகாவின் குரல், “செல்லுங்க ஆன்ட்டி, கேட்டுட்டுத்தான் ஈக்கிறன்” என்றது. அதற்குப் பத்மாவதியின் குரல் சொன்னது: “என்ன பிள்ளை சொல்லுறது. தம்பியின்ர வீட்டில இருக்கிறன். தம்பியின்ர மனிசி வெளியில போனா வாய் நிறையச் சிரிப்பு. வாங்கோ, இருங்கோ, தண்ணி குடிக்கிறியளோ எண்டு ஊர்ச்சனத்தை உபசரிக்கிற வேலை. வீட்டுக்கு வந்தா, வாசல்ல செருப்பைக் கழட்டி வைக்கேக்க அந்தச் சிரிப்பையும் சேர்த்துக் கழட்டி வைச்சிடுவாள்.”

வகுப்புச் சிரித்தது. நல்லாகவே சிரித்தது. மேனுகாவின் கை கொப்பியைப் பிடித்துக்கொண்டது. பிறகு எழும்பவில்லை.

கதை பேச்சில்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது சண்டை நடக்கிற வீடு இல்லை. அங்கே கோப்பை உடையாது, கதவு அடித்துச் சாத்தப்படாது. மேனுகாவும் அவளின் மச்சாள் பத்மாவதியும், அதாவது அவள் புருசன் ஜனாவின் மூத்த அக்காவும், இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள அந்த வீட்டில் இரண்டு வருடமாக ஒருவரோடு ஒருவர் ஒரு சொல் கதைத்ததில்லை. ஒருவர் குளிக்கப் போகிற நேரத்தை மற்றவர் அறிவார். ஒருவர் குசினிக்குள் நுழைய மற்றவர் உப்புப் போத்தலை மூடி வைத்துவிட்டு வெளியே வருவார். சொல்லியே ஆகவேண்டிய விசயங்கள் மேனுகாவின் பன்னிரண்டு வயது மகள் நிருஷா மூலமாகப் போகும். இருவரும் ஒரே குசினியில் ஒரு முழத் தூரத்தில் நிற்பார்கள். “நிருஷா, உன்ர அம்மாட்டச் சொல்லு, காஸ் முடியப்போகுதெண்டு.” நிருஷா கொப்பியை விட்டுத் தலையை எடுக்காமல், “அம்மா, காஸ் முடியப்போகுதாம், மாமி அன்பாச் சொன்னவா” என்பாள். அன்பு என்பது அவள் தன் பாட்டில் சேர்க்கிற சரக்கு. “அன்பாச் சொல்லேல்லை” என்று பத்மாவதி திருத்துவார். “அன்பில்லாமச் சொன்னவாவாம்” என்று நிருஷா அதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

ஜனாவுக்கு ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றில் வேலை. காலையில் போனால் பொழுதுபட்டு வருவான். “நீங்கள் ரெண்டு பேரும் என்ர உயிரை வாங்கப் பிறந்தனீங்கள்” என்று மாதத்துக்கு ஒரு தரம் சொல்லுவான். பிறகு குளித்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பான்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று மேனுகாவிடம் கேட்டால் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, மறந்துபோய், மச்சாளின் மரக்கறிச் சட்டியில் சூடை மீன் காய்ச்சிவிட்டாள். அன்றைக்குத்தான் மச்சாளின் வாய் மூடியது. அடுத்த நாளே புதுச் சட்டி ஒன்று வாங்கி அடுப்படியில் வைத்தாள். அது இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது, அடியில் ஒட்டின கடை ஸ்டிக்கர் கூட உரியாமல். ஒரு மீனுக்காக இரண்டு வருடம் முகத்தைத் திருப்புகிற மனிசி என்று அவள் தன் தாயிடம், தங்கையிடம், வேலை செய்கிற தனியார் மருத்துவ நிலையத்து வரவேற்பு மேசையில் பக்கத்தில் இருக்கிற பெண்ணிடம், எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது போனுக்குள் இருந்து பத்மாவதி வேறு ஒன்று சொன்னார். “மேல்வீட்டுக்குப் புதுசா ஆக்கள் வந்தவை. அறிமுகம் செய்ய வந்து நிண்டவை. இவள் என்னைக் காட்டிச் சொல்லுறாள், ‘இவ என்ர மச்சாள், இவ எங்களோட இருக்கிறா’ எண்டு. பிள்ளை, நான் பதினொரு வயசுத் தம்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு யாழ்ப்பாணத்தில இருந்து வந்தனான். அவனுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது நான். பொலிசுக்குப் பதியப் போய் வரிசையில நிண்டது நான். கோட்டையில ஒரு கப்பல் கொம்பனியில முப்பத்தொரு வருசம் டைப் அடிச்சு, விரல் வளைஞ்சு, அந்த வீட்டை எடுத்தது நான். வாசல்ல என்ர பேர் போட்ட பலகை இருந்தது. பெயின்ட் அடிக்கக் கழட்டினவை. திருப்பிப் போடேல்லை. இப்ப நான் அவையளோட இருக்கிறனாம்.” பின்னால் ஏதோ மணி அடித்தது. “கொஞ்ச நாளா அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். ஆரும் கதைச்சா ஓணான் மாதிரித் தலையாட்டுறாள். உள்ளுக்குள்ள ஒண்டும் போகேல்லை எண்டு பார்த்தாலே தெரியும்.”

அந்த நேரம் மேனுகாவின் தலை ஆடிக்கொண்டிருந்தது. கேட்கிறேன் என்று காட்டுவதற்கு இந்த வகுப்பில் பழக்கப்பட்ட ஆட்டம். அதை அவள் கழுத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தினாள்.

பதிவு முடிந்ததும் எல்லோரும் கதைத்தார்கள். ஷபீகா அவசரப்படவில்லை, நல்லாகக் காத்திருந்தாள் என்று ஒருவர் சொன்னார். கொம்பனித்தெருவில் இருந்து வருகிற ஜவாத், “எனக்கு அந்தத் தம்பிட மிஸிஸ்ஸப் பத்தித்தான் யோசன. வெளிய ஒரு ஆள், வீட்டுக்குள்ள வேற ஆள். இப்படியான ஆக்கள் கூட்டத்தில சிரிச்சே ஆள முடிச்சிடுவாங்க” என்றான். நான்கைந்து தலைகள் ஆடின. மேனுகா அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று வருடமாக ஒன்றாகப் படித்து, ஒன்றாக ரோல்ஸ் தின்ற முகங்கள். எல்லாம் சேர்ந்து அவளுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தன, அவளைப் பார்த்து, அவள் ஆமோதிப்பாள் என்று எதிர்பார்த்தபடி.

“மேனுகா, நீங்க ஒண்டும் சொல்லல்லியே” என்றார் சாமினி மிஸ்.

“மிஸ், அந்தத் தம்பியின்ர மனிசிக்கும் ஒரு பக்கம் இருக்கும்தானே. அவ யோசிக்காமச் சொல்லியிருக்கலாம். பதினாலு வருசம் ஒரு வீட்டில இன்னொரு பொம்பிளையின்ர கண்ணுக்கு முன்னால சமைக்கிறதும் லேசில்லை.”

“பதினாலு வருசமெண்டு கிளையண்ட் சொன்னாவா?”

மேனுகா கொப்பியைப் புரட்டினாள். “அப்படித்தான் எனக்குக் கேட்டது மிஸ்.”

சாமினி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாருக்கோ வெட்டு விழப்போகிறது என்று வகுப்புக்குத் தெரியும். “இந்த அறையில இல்லாத ஆளுக்கு நீங்க வக்கீல் ஆக வேணாம். எங்களுக்கு முன்னால இருக்கிறது கிளையண்ட். அவவை விட்டுட்டு மத்த ஆளுக்காக இவ்வளவு சூடாகிறீங்க எண்டா, அது உங்கட வீட்டு விசயம். ஏன் அப்படிச் சூடானீங்க எண்டு ரெண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாங்க. சும்மா எழுதுறதில்ல. உங்கட கடைசி மதிப்பெண்ணில அது சேரும்.”

மேனுகாவுக்கு நாற்பத்தொரு வயது. ஜனவரியில் ஒரு பெண்கள் பாடசாலையில் உளவளத்துணையாளர் வேலை. அதிபர் கடிதமே கொடுத்துவிட்டார். படிப்பை முடித்த சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால் சரி. காலை முழுவதும் வரவேற்பு மேசையில் ‘டொக்டர் இப்ப வந்திடுவார்’ என்று சொல்லிச் சொல்லி, பின்னேரம் வகுப்பு, ஞாயிறு முழுக்கக் கட்டுரை என்று மூன்று வருடம் ஓடியிருந்தாள். மிச்சம் இருந்தது சாமினி மிஸ்ஸின் கையெழுத்து ஒன்றுதான்.

வீட்டுக்கு நடக்கிறபோதுதான் எல்லாம் விளங்கியது. புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கிறேன் என்று மச்சாள் சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கியிருந்தார். வெள்ளவத்தையில் இல்லாத கோயிலா என்று ஜனா கேட்டதற்கு, “அங்கத்தையச் சனீஸ்வரன் காது குடுத்துக் கேப்பார்” என்றாராம். கொட்டாஞ்சேனையில் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தில்தான் மாணவர்கள் இலவசமாக ஆட்களைச் சந்திப்பது. அதன் துண்டுப்பிரசுரத்தை மேனுகாவே மேசையில் போட்டு வைத்திருந்தாள். யாருக்கு எந்த நாள் என்கிற அட்டவணையைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியும் இருந்தாள். மேனுகாவுக்குச் செவ்வாய். பத்மாவதி அதைப் பார்த்து, கணக்குப் போட்டு, சனிக்கிழமையைப் பிடித்திருக்கிறார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினபோது ஷபீகா அவசரத்தில், “எங்கட மிஸ் மட்டும்தான் கேப்பாங்க ஆன்ட்டி” என்று சொல்லியிருந்தாள். கடிதம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. முப்பத்தொரு வருடம் ஆங்கிலத்தில் டைப் அடித்த மனிசி, முதல் தடவையாக ஒரு கடிதத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறார். அவ்வளவு அவசரம் அவருக்கு, கதைக்க.

அன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் மேனுகா உடுப்புத் தோய்க்கிற மெசினைச் சுவரிலிருந்து இழுத்தாள். பின்னால், தூசுக்குள், பெயர்ப்பலகை இருந்தது. ‘வ. பத்மாவதி’. வரதராசாவின் மகள். துணியால் துடைத்தாள். வாசலுக்குக் கொண்டுபோய், பழைய ஆணி ஓட்டைகளுக்கு நேரே பிடித்தும் பார்த்தாள். பொருந்தியது. பிறகுதான் மண்டையில் உறைத்தது. இதைக் கொழுவினால் எப்படித் தெரியும் என்று கேள்வி வரும். இரண்டு வருடமாக நினைவுக்கு வராத பலகை, வியாழக்கிழமை பின்னேரம் எப்படி நினைவுக்கு வந்தது? அவள் அதைத் திரும்பவும் மெசினுக்குப் பின்னால் வைத்தாள். துடைத்த தூசைத் திருப்பிப் போட முடியாததுதான் குறை.

சாமினி மிஸ்ஸுக்கு எழுதின இரண்டு பக்கமும் நல்ல பக்கங்கள். தன் தாயைப் பற்றி, தாயோடு இருந்த சின்னம்மாவைப் பற்றி, இல்லாத ஒரு பழைய மனக்காயத்தைப் பற்றி எழுதினாள். அடுத்த வியாழன் அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ‘வடிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இதற்குள் நீங்கள் இல்லை.’

அன்றைக்கும் ஷபீகா போனை ஸ்டூலில் வைத்தாள். அன்றைக்கும் எச்சரிக்கை. மேனுகா தனக்குத் தானே ஒரு நியாயம் செய்து வைத்திருந்தாள்: மச்சாளின் மனதை விளங்கிக்கொண்டால் வீட்டுக்கு நல்லதுதானே. உண்மை அது இல்லை என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருவர் உங்களை எவ்வளவு வெறுக்கிறார் என்று கேட்கத் தொடங்கினால், முழுவதும் கேட்காமல் எழும்பிப் போக முடியாது.

இரண்டாவது பதிவில் பத்மாவதி தேத்தண்ணியைப் பற்றிக் கதைத்தார்.

இதை விளக்கவேண்டும். மேனுகா வேலையோ வகுப்போ முடிந்து வந்து மூன்றரைக்குக் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைப்பாள். இரண்டு கப் தண்ணீர். ஒன்றைத் தனக்கு வார்த்துக்கொண்டு, மற்றதைக் கேத்திலிலேயே விட்டுவிட்டு அறைக்குப் போய்விடுவாள். அரை மணி கழித்து வந்து பார்த்தால் கேத்தில் வெறுமையாக இருக்கும். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் இது நடந்தது. அவளும் மச்சாளும் விட்டு வைத்திருந்த ஒரே ஒரு நூல் இது என்று மேனுகா நம்பியிருந்தாள். இரண்டாம் வருடத்தில் ‘சொல்லில்லாத பரிவு’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது இந்தக் கேத்திலைத்தான் எழுதினாள். அதற்குக் கிடைத்த புள்ளிதான் அந்த வருடத்தில் அவளின் ஆகக்கூடின புள்ளி.

“ஒரு கப் சுடுதண்ணியை விட்டுட்டுப் போவாள்” என்றார் பத்மாவதி போனுக்குள். “குடிங்கோ எண்டு சொல்லமாட்டாள். நாய்க்கு வைக்கிறவையும் வா எண்டு கூப்பிட்டு வைக்கிறவை. நான் அதைக் குடிக்கிறேல்லைப் பிள்ளை. சிங்குக்குள்ள ஊத்திவிடுவன். ஊத்திப்போட்டு, கேத்திலைக் கழுவி, எனக்கு நானே திருப்பித் தண்ணி வைப்பன். ரெண்டு வருசமா ஒரு சொட்டு அவளின்ர தண்ணி என்ர தொண்டைக்குள்ள போகேல்லை.”

இந்தத் தரம் வகுப்பில் சிரிப்பில்லை. யாரோ மெல்ல “சே” என்றார்கள். யாருக்காகச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் மேனுகா வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல், கேத்திலுக்குள் ஒரு கப் தண்ணீர் விட்டாள். ஒரு கப். கொதித்ததும் கடைசிச் சொட்டு வரை தன் கப்புக்குள் கவிழ்த்தாள். நல்லதைச் செய்தால் பிடிபடுவோம் என்று பலகையைத் திருப்பி வைத்தவள், கெட்டதைச் செய்யும்போது அந்த யோசனையே இல்லாமல் செய்தாள். அறைக்குள் கட்டிலில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு காது கொடுத்தாள். குசினிக்குள் செருப்புச் சத்தம். கேத்திலின் மூடி திறக்கிற சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பைப் திறக்கவில்லை. இருமல் வரவில்லை.

சனிக்கிழமை பத்மாவதி கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டுப் பத்தரைக்கே திரும்பினார். நெற்றியில் திருநீறு, கையில் எள்ளெண்ணெய் மணம். கோயிலுக்கும் போயிருக்கிறார்தான். மேனுகா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டு நின்றாள். நிருஷா மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

“நிருஷா, உள்ள போய் இரு.”

“அம்மாட்ட என்ன சொல்லவேணும் மாமி?”

“ஒண்டும் சொல்லவேண்டாம். நான் சொல்லுறன். போ.”

நிருஷா கொப்பியையும் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது.

“கேட்டனீயே?” என்றார் பத்மாவதி.

இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் சொல். மேனுகா தலையை ஆட்டினாள்.

“தலையாட்டாதை. வாய் இருக்கெல்லே.”

“ஓம் மச்சாள். கேட்டனான்.”

“எத்தினை?”

“ரெண்டும்.”

பத்மாவதி கதிரையை இழுத்து இருக்கவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணைக்குப் பக்கத்தில் நின்றபடியே கதைத்தார். குரலை உயர்த்தவுமில்லை. “ரெண்டு வருசமா ரெண்டு கப் தண்ணி. வியாழக்கிழமை ஒரு கப். எனக்கு டைப் அடிக்கத்தான் தெரியும் எண்டு நினைச்சியோ? இண்டைக்கு அந்தப் பிள்ளையைக் கேட்டனான், இதை ஆர் ஆரெல்லாம் கேக்கினம் எண்டு. முதல்ல முழிச்சுது. பிறகு சொல்லிச்சுது, வகுப்பு முழுக்கக் கேக்குமெண்டு. பயப்பிடாதீங்க ஆன்ட்டி, தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா கையைத் தூக்கிட்டு வெளியில போகவேணும், அது எங்கட சட்டம் எண்டுது. பாவம், அது உண்மையா நம்புது.”

“மச்சாள், நான் வேணுமெண்டு…”

“வேணுமெண்டுதான் இருந்தனீ. முதல் நாள் தெரியாமல் எண்டு வை. ரெண்டாம் நாள்?”

மேனுகா அடுப்பை விட்டுத் திரும்பினாள். “ரெண்டு வருசம் என்ர முகத்தைப் பார்க்காம இருந்தனீங்கள். என்னெண்டு ஒரு சொல் சொன்னனீங்களே? நான் அந்த மீனாலை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். சட்டி வாங்கி வைச்சனான். ஊரில ஆரோ ஒரு பெட்டைக்குச் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. தண்ணியைச் சிங்குக்குள்ள ஊத்தினனீங்கள்!”

“உனக்குச் சொல்லி? நீ தலையாட்டியிருப்பாய்.”

பால் பொங்கி வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை.

“இண்டைக்கும் பதிஞ்சனான்” என்றார் பத்மாவதி. “ஆரெல்லாம் கேக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டு, பட்டனை அமத்து பிள்ளை எண்டு சொல்லி, ஒண்டு சொல்லியிருக்கிறன். அது அந்தப் பிள்ளைக்குச் சொன்னது. உனக்கில்லை. கேக்கவேணும் போல இருந்தா களவா இருந்து கேள், உனக்குப் பழக்கம்தானே. இல்லாட்டிக் கையைத் தூக்கிட்டு எழும்பிப் போ. ரெண்டில எதைச் செய்தாலும் உன்ர முகத்தில நான் வாசிப்பன். ஆருக்கும் கடிதம் எழுதமாட்டன். உன்ர படிப்பைக் கெடுத்தனான் எண்ட பேர் எனக்கு வேண்டாம். கெடுக்கிறதெண்டா நீயே கெடு.” பிறகு உட்பக்கமாகத் திரும்பி, இரண்டு வருடமாக இருந்த அதே குரலில் கூப்பிட்டார். “நிருஷா, உன்ர அம்மாட்டச் சொல்லு, பால் பொங்கி ஊத்துதெண்டு.”

நிருஷா கதவுக்குப் பின்னால் இருந்தே, “அம்மா, பால் பொங்குதாம்” என்றாள். இந்த முறை ஒன்றும் சேர்க்கவில்லை.

ஐந்து நாள். மேனுகா மூன்றரைக்கு வந்து கேத்திலுக்கு முன்னால் நிற்பாள். இரண்டு கப் வைத்தால் கெஞ்சுவது. ஒரு கப் வைத்தால் அடிப்பது. அவள் தேத்தண்ணி குடிப்பதையே விட்டாள். ஜனாவிடம் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, “உனக்கென்ன விசரே? கையைத் தூக்காதை. ஜனவரி மட்டும் பொறு. அக்கா எப்பவும் இப்பிடித்தான்” என்றான். ஷபீகாவிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். புதன்கிழமை ஷபீகாவே போன் எடுத்தாள். “மேனுகா அக்கா, எண்ட கிளையண்ட் இனி வரமாட்டாவாம். நான் பிழையா செல்லி கையெழுத்து வாங்கிட்டன், அது எண்ட குத்தம். ஆனா கடசியா ஒரு மணித்தியாலம் பேசினாங்க பாருங்க… நாளைக்குப் போடுறன். நீங்க கட்டாயம் கேக்கணும்.” குரல் கம்மியிருந்தது. அழுகையா, தடிமனா என்று போனில் பிரித்தெடுக்க முடியவில்லை. மேனுகா கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஷபீகா சொல்லியே இருப்பாள்.

வியாழக்கிழமை மழை. பதினொரு கதிரை, ஸ்டூல், போன். சாமினி மிஸ் எச்சரிக்கையைச் சொன்னார். மேனுகாவின் கொப்பிக்குள் பாடசாலை அதிபரின் கடிதம் நான்காக மடிந்து இருந்தது. வழியில் போட்டோப்பிரதி எடுக்கக் கொண்டுவந்தது. அதே ஆளின் மூன்றாவது பதிவுக்குக் கை தூக்கினால், முதல் இரண்டுக்கும் ஏன் தூக்கவில்லை என்று மிஸ் கேட்கத் தேவையில்லை. பத்து வரை எண்ணத் தெரிந்தவருக்கு அது விளங்கும்.

ஷபீகா பட்டனை அழுத்தினாள்.

மணிச்சத்தம். ஒரு கதிரை இழுபடுகிற சத்தம். பிறகு இருமல், ஒன்று. சின்ன இடைவெளி.

அந்த இடைவெளிக்குள் மேனுகா கையைத் தூக்கினாள்.

முதலில் ஒருவரும் பார்க்கவில்லை. ஜவாத்தான் கண்டு ஷபீகாவைத் தட்டினான். ஷபீகா போனை நிறுத்தினாள்.

“மிஸ், இந்த ஆளை எனக்குத் தெரியும்.”

சாமினி மிஸ்ஸின் கை கண்ணாடிக்குப் போனது. ஆனால் கழற்றவில்லை. “எப்ப இருந்து?”

“முதல் இருமலில இருந்து.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜவாத் தன் சப்பாத்தைப் பார்த்தான். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செருப்போடு சிரிப்பைக் கழற்றி வைக்கிற பெண்ணைப் பற்றித் தாங்கள் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவருகிற பார்வை அது.

“வெளியில இருங்க” என்றார் சாமினி மிஸ். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. “முடிஞ்ச பிறகு பேசுவம். உங்கட மணித்தியாலப் புத்தகத்தை மேசையில வச்சிட்டுப் போங்க.”

வைத்துவிட்டுப் போனாள்.

நடையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கிடந்தது. தையற்கடை மெசின்கள் கீழே ஓடின. வகுப்பறைக் கதவின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதற்குள்ளால் ஸ்டூலை நோக்கிக் குனிந்த தலைகள் தெரிந்தன. மச்சாளின் குரல் கேட்டது, சொல் இல்லாமல். ஏறி, இறங்கி, ஓரிடத்தில் நின்று, திரும்பத் தொடங்கி. வீட்டில் மூடின கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு வருடமாகக் கேட்ட மாதிரியே. மேனுகா கதவை நோக்கி அரை அடி கதிரையை நகர்த்தினாள். பிறகு நகர்த்தின அரை அடியையும் பின்னுக்கு எடுத்தாள்.

கடற்கரைப் பக்கம் பாணந்துறை ரயில் வந்தது. சுவர் அதிர்ந்தது. குரல், மழை, தையல் மெசின் எல்லாவற்றையும் அது மூடிக்கொண்டு நெடுநேரம் போனது. அது போய்க்கொண்டிருக்கும்போது, கண்ணாடிக்குள், குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே ஷபீகாவின் தலை மட்டும் மெல்ல நிமிர்ந்தது. நிமிர்ந்து, திரும்பி, கதவுக் கண்ணாடியால் நேராக மேனுகாவைப் பார்த்தது. பிறகு ஜவாத்தின் தலை திரும்பியது, முதல் நாள் தீர்ப்புச் சொன்ன முகம் இல்லாமல். பிறகு இன்னொன்று.